கை தூக்கும் தேசத்துக்கு ஒரு பம்பு

பெரியநாயக்கன்பாளையத்தில் செய்த பம்பு, பனி விழுகிற மலைநாட்டில் தண்ணீர் இறைக்கப் போகிறது என்றால் அதைச் செய்தவனுக்குத் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்யும். எனக்கு நிமிர்ந்தது. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் தூங்குவது போல நடிக்கத் தொடங்கும் வரை அவரிடம் எங்கள் ஊர்ப் பெருமையைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். சிறுவாணித் தண்ணீரின் ருசியில் ஆரம்பித்து, ஒரு தெருவுக்குள்ளேயே இரும்பு வார்க்கிற காஸ்டிங், செம்புக்கம்பி சுற்றுகிற வைண்டிங், லேத் வேலை எல்லாம் முடிந்துவிடும் என்பது வரைக்கும் வந்திருந்தேன். பாதியில் தூங்கிவிட்டது அவருக்குத்தான் நஷ்டம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் நஞ்சப்பன் என் பட்டறைக்கு வந்தார். எங்கள் பகுதிச் சிறு பம்புத் தயாரிப்பாளர் சங்கத்தின் தலைவர் அவர். என் மனைவி மல்லிகா அரிசியும் பருப்பும் சாதம் செய்திருந்தாள். நெய் ஊற்றிச் சாப்பிட்டு, கை கழுவி, துண்டில் துடைத்த பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"தங்கவேலு, நீ திரும்பி வந்ததும் வார ஞாயித்துக்கெழமை பொதுக்குழு. சங்கத்துச் சட்டத்துல ஒரு சின்னத் திருத்தம். நீதான் முன்மொழியோணும்."

ஒருவர் இரண்டு முறைக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். நஞ்சப்பனுக்கு இது இரண்டாவது முறை. இனி அந்த வரம்பு கிடையாது. செயற்குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, தலைவரே போட்டுக்கொள்வார். கணக்கைப் பொதுக்குழுவில் வாசிக்கத் தேவையில்லை. சின்னத் திருத்தம் இதுதான்.

"பெரிய கம்பெனிக்காரன் நம்மள முழுங்கப் பாக்கறான். இந்த நேரத்துல ஆளுக்கொரு கேள்வி கேட்டுட்டிருந்தா சங்கம் நிக்குமா?" என்றார்.

"ஆகட்டுங்கண்ணா," என்றேன்.

வேறென்ன சொல்வேன்? என் பட்டறையின் வைண்டிங் பகுதி தீப்பிடித்து எரிந்தபோது, தீ அணைவதற்குள் வந்து நின்ற மனிதர் அவர். அடுத்த வாரமே பக்கத்துப் பட்டறைகளில் பேசி என் வேலையைப் பங்கு போட்டு முடித்துக் கொடுக்க வைத்தார். டிரான்ஸ்ஃபார்மருக்காக மின்சார அலுவலக வாசலில் வெயிலில் உட்கார்ந்து, வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்று வாங்கிக்கொண்டு வந்தவர். அவர் கேட்டு நான் மறுப்பதா?

போன நாட்டின் பெயரை நான் எழுதப் போவதில்லை. என்னை வரவேற்க வந்த பெண்ணை மார்த்தா என்று சொல்கிறேன், அதுவும் அவருடைய நிஜப் பெயர் அல்ல. காரணம் போகப் போகத் தெரியும்.

மார்த்தாவுக்கு என் வயதுதான் இருக்கும். மலைக் கிராமங்களின் விவசாயக் கூட்டுறவை நடத்துகிறவர். சில வருடங்கள் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்ததால் ஆங்கிலம் நன்றாகப் பேசினார். என்னுடைய ஆங்கிலம் ரசீது எழுதுகிற ஆங்கிலம். அதில் "ங்க" போட வழியே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய சங்கடம். பெண்பிள்ளையிடம் "கம், சிட்" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு, தலையைக் குனிந்து ஈடுகட்டிக்கொண்டேன்.

ஜீப்பில் போகும்போது வழியெல்லாம் ஒரே முகம். பாலத்தில், பள்ளிக்கூடத்தில், ரொட்டிக் கடைக் கண்ணாடியில், பெட்ரோல் பங்கில் அந்த நாட்டு அதிபர் சிரித்துக்கொண்டிருந்தார். நம் ஊரிலும் ஃபிளெக்ஸ் போர்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நம் ஊரில் பத்து முகம் சண்டை போட்டுக்கொண்டு தொங்கும். காது குத்துக்குக்கூட போர்டு உண்டு. இங்கே ஒரு முகம்தான். மூன்றாவது ஊர் தாண்டியதும் அவர் எங்களுக்கு முன்னால் ஓடி ஓடிப் போய் நிற்கிறாரோ என்று சந்தேகம் வந்தது.

மலை வளைவொன்றில் டயர் பஞ்சரானது. ஜாக்கி எண்ணெய் கக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. ஆடு மேய்த்த இரண்டு பேர் ஓடி வந்து, ஒரு மரத்தடியை நெம்புகோலாகக் கொடுத்து ஜீப்பைத் தூக்கிப் பிடித்தார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரித்ததை மார்த்தா எனக்கு மொழிபெயர்த்தார்: "இவ்வளவு தூரத்திலிருந்து பம்பு கொண்டுவந்தவன், ஒரு ஜாக்கி கொண்டுவரவில்லையே." எனக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று. அன்னூர்ப் பக்கம் வண்டி நின்றாலும் இப்படித்தான் நாலு பேர் வருவார்கள், நாலு வார்த்தை கிண்டல் செய்துவிட்டுத்தான் கை கொடுப்பார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கறுப்பு ரொட்டி, ஆட்டுப்பால் கட்டி, புளித்த தயிரில் செய்த சூடான சூப். சூப்பைத் தயிர் ரசம் என்று மனதைத் தேற்றிக் குடித்துவிடலாம். ரொட்டிதான் பல்லுக்கு மசியாமல் இழுத்தது. மல்லிகா பையில் வைத்திருந்த பருப்புப் பொடியை ரொட்டிமேல் தூவிச் சாப்பிட்டேன். மார்த்தாவும் கேட்டு வாங்கித் தூவிக்கொண்டார். காரம் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தும், நன்றாக இருக்கிறது என்று இன்னொரு துண்டு எடுத்தார். அப்படிப்பட்டவரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று தோன்றியது.

அந்த அதிபரைப் பற்றி நான் ஊரிலேயே செய்தியில் பார்த்திருந்தேன். நீதிபதிகளை வீட்டுக்கு அனுப்பியவர், பத்திரிகைகளை மூடியவர். அப்படியும் தேர்தலுக்குத் தேர்தல் ஜெயித்தவர்.

"நீங்கள் அவருக்கா ஓட்டுப் போட்டீர்கள்?"

"ஒவ்வொரு தடவையும்."

"ஏன்?"

மார்த்தா ஜீப்பை ஓட்டிக்கொண்டே பதில் சொன்னார். "தலைநகரத்து அலுவலகத்தில் நான் வாயைத் திறந்தாலே என் பேச்சு வழக்கைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு கையெழுத்துக்காக நாள் முழுக்க நிற்க வைப்பார்கள். இவர் டிவியில் என்னைப் போலவே பேசினார். முதல் தடவையாக என் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கேட்டார். அதற்குப் பிறகு இந்த ரோடு வந்தது. இப்போது உங்கள் பம்பு. படித்தவர்கள் எங்களுக்கு ஜனநாயகம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். தண்ணீர் கொடுத்தது இவர்."

சென்னையில் ஒரு பெரிய மனிதர் என்னுடையது, உன்னுடையது என்பதை நான் "என்றது", "உன்றது" என்று சொன்னதைக் கேட்டு உதட்டைச் சுழித்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு யாராவது மேடையேறி என்னைப் போலப் பேசியிருந்தால் நானும் எழுந்து நின்றிருப்பேன். இந்த ஜனங்கள் ஏமாளிகள் என்று நினைத்துக்கொண்டு போனவன் நான். ஏமாளித்தனம் இல்லை அது, ரோஷம். ரோஷத்தைப் பற்றி எங்கள் ஊர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

மறுநாள் திறப்பு விழா. ஆற்றங்கரையில் பம்பு, மேலே குன்றில் தொட்டி. கோட் போட்ட அதிகாரி ஒருவர் படையோடு வந்திருந்தார். சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஓடியது, தண்ணீர் வரவில்லை. ஆற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில், தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கிற ஃபுட்வால்வு ஒழுகியது. அது அவர்கள் உள்ளூரில் வாங்கிப் போட்டது என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். பம்புக்குள் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கீழே இறங்கிவிட்டது. கூட்டம் முணுமுணுத்தது. மார்த்தாவின் முகம் வெளுத்தது.

"சாணி கிடைக்குமா?" என்று என் ஆங்கிலத்தில் கேட்டேன்.

மார்த்தாவுக்கு அந்த வார்த்தை புரிந்தது, காரணம் புரியவில்லை. நம் தோட்டங்களில் ஃபுட்வால்வு ஒழுகினால் சாணியைக் கரைத்துக் குழாயில் ஊற்றுவது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். அதிலுள்ள நார் போய் இடுக்கை அடைத்துக்கொள்ளும். ஒரு வாளி நிறையச் சாணி வந்தது. என் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கை வரை விட்டுக் கரைத்து ஊற்றினேன். அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார். சுவிட்சைப் போட்டதும் குன்றின்மேல் முதலில் பச்சையாக ஒரு கொப்பளிப்பு, பிறகு வெள்ளையாகத் தண்ணீர். ஜனங்கள் தொப்பியைத் தூக்கி எறிந்தார்கள். தாராபுரத்துப் பக்கம் அமராவதிக் கரையில் கற்ற வித்தை அந்தப் பனிமலையில் ஜெயித்தது. அந்த நிமிடத்தை நான் இன்னும் பத்துப் பேரிடம் சொல்வேன், மல்லிகா தலையில் அடித்துக்கொண்டாலும் சொல்வேன்.

அப்புறம்தான் வம்பு வந்தது. அதிகாரி, அதிபரின் படம் போட்ட ஒரு ஸ்டிக்கரை எடுத்து நேராக என் பம்பின் பெயர்த்தகட்டின்மேல் ஒட்டப் போனார். அந்தத் தகட்டில் இருப்பது என் அம்மாவின் பெயர். "செல்லம்மாள் பம்ப்ஸ், கோயம்புத்தூர்." நான் கையை நீட்டித் தடுத்தேன். படம் ஒட்டாமல் அரசு உதவி கிடையாது என்றார் அவர். மார்த்தா என் முழங்கையைப் பிடித்து, வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார்.

"மோட்டார் சூடாகும். உங்கள் தலைவரின் முகம் கருகிவிடும். அந்தப் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் ஒட்டுங்கள்," என்று சொல்லி மொழிபெயர்க்கச் சொன்னேன்.

அதிகாரி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஸ்டிக்கர் எதிரே சுவருக்குப் போயிற்று. உண்மையில் தகடு இருக்கிற இடம் அவ்வளவு சுடாது.

கடைசி நாள் மதியம் மார்த்தாவின் வீட்டில் விருந்து. மேசையில் ஒரு நாற்காலிக்கு முன்னால் தட்டு வைத்திருந்தார்கள், யாரும் உட்காரவில்லை. பள்ளி ஆசிரியரான தம்பியின் இடம் என்றார் மார்த்தா. வரி எங்கே போகிறது என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டானாம். எல்லைப்புறத்தில் ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். பண்டிகைக்குக்கூட வர முடிவதில்லை.

"அதற்குப் பிறகும் ஓட்டுப் போட்டீர்களா?"

"இப்போது ஓட்டுச்சீட்டே கிடையாது," என்றார் மார்த்தா. "செலவு மிச்சம் என்று எடுத்துவிட்டார்கள். சதுக்கத்தில் அதிபர் படத்துக்கு முன்னால் நிற்க வைத்துக் கை தூக்கச் சொல்கிறார்கள். சீட்டை எடுக்கலாமா என்று கேட்டபோதும் நாங்கள் கைதான் தூக்கினோம். எங்களுக்கு ரோடு போட்டவர் முகத்துக்கு எதிரே எப்படிக் கையை இறக்கியே வைத்துக்கொண்டிருப்பது? மரியாதை என்று ஒன்று இருக்கிறதே."

சொல்லிவிட்டு அழுதார். அவர் அம்மா எழுந்து வந்து, தம்பியின் தட்டில் ஒரு ரொட்டித் துண்டை வைத்துவிட்டுப் போனார். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. அந்த வார்த்தை எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சாகவே கேட்டது.

பீளமேடு விமான நிலையத்தில் வந்து இறங்கியதும் முதலில், மல்லிகா கொண்டுவந்திருந்த ஒரு சொம்பு தண்ணீரைக் குடித்தேன். உலகத்தில் எங்கே போனாலும் அந்த ருசிக்கு ஈடில்லை, இதில் நான் விவாதத்துக்குத் தயாரில்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் வழக்கமான நெரிசல். மல்லிகா ஸ்கூட்டியில் முன்னால் போக, நான் ஆட்டோவில் பெட்டியோடு பின்னால் வந்தேன்.

எங்கள் தொழிற்பேட்டைத் தெரு முனையில் ஆட்டோ திரும்பியபோது அலங்கார வளைவைப் பார்த்தேன். வளைவில் நஞ்சப்பன் சிரித்துக்கொண்டிருந்தார். சங்கத்துக் குடிநீர்த் தொட்டியிலும் அவர்தான். எங்கள் எல்லோருக்கும் காஸ்டிங் வார்த்துக் கொடுக்கிற, சங்கத்துக்குச் சொந்தமான ஃபவுண்டரி வாசலிலும் அவர்தான். எல்லாம் எங்கள் எல்லோருடைய சந்தாவில் கட்டியது. தினமும் அந்த வழியாகப் போகிறவன்தான் நான். அதுவரை அது கண்ணில் பட்டதே இல்லை.

"ரங்கராஜ் அண்ணன் பட்டறை ஏன் பூட்டியிருக்குது?" என்று வீட்டு வாசலில் இறங்கியதும் மல்லிகாவிடம் கேட்டேன். எங்கள் பக்கத்துப் பட்டறை, என்னோடு போட்டி போட்டுப் பம்பு செய்கிறவர்.

"காஸ்டிங் வரலீங்களாமா. போன கூட்டத்துல கணக்குக் கேட்டாரல்லங்க. அதுல இருந்து நம்ம ஃபவுண்டரியில அவருக்கு மட்டும் இன்னைக்கு, நாளைக்குன்னு இழுக்கறாங்களாமா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீங்க போயி முன்மொழிஞ்சு போட்டு வந்துருங்க. நமக்கு எதுக்கு வம்பு? நாளைக்கு நம்ம காஸ்டிங்கும் நின்னுபோச்சுன்னா என்ன பண்றது?"

அவள் சொன்னதில் தப்பில்லை. பட்டறையை நம்பி நாங்கள் மட்டும் இல்லை, வேலை செய்கிறவர்களின் குடும்பங்களும் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. நஞ்சப்பன் வாசலிலேயே நின்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது வரை விசாரித்து உள்ளே அனுப்பினார். அது நடிப்பு இல்லை, அவர் சுபாவமே அப்படி. உள்ளே சமையல்கட்டிலிருந்து பாயச வாசனை வந்தது. எங்கள் சங்கத்தில் எப்போதும் இதுதான் வழக்கம். தீர்மானத்தை வாசிப்பார்கள், எல்லோரும் கை தூக்குவோம், இலை போடுவார்கள். எங்கள் ஊரில் ஒருவர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வது, பந்தியில் பாதி இலையில் எழுந்து போகிற மாதிரி. யாரும் செய்ய மாட்டோம்.

என் பேரைக் கூப்பிட்டார்கள். போய் மைக்கைப் பிடித்தேன்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. என்ற பட்டறை தீப்புடிச்சப்ப மொதல்ல வந்தது நம்ம அண்ணன். அவரு இல்லீன்னா இன்னைக்கு செல்லம்மாள் பம்பு இல்லீங்க. இது எங்க வேணாலும் சொல்லுவேன்." கைதட்டினார்கள். கைதட்டல் முடியும் வரை காத்திருந்தேன். "திருத்தத்த நான் முன்மொழியறனுங்க. ஆனா ஒண்ணே ஒண்ணுங்க. கை தூக்க வேண்டாம், சீட்டுப் போட்டுக்கலாம். அண்ணன் எதுக்க உக்காந்திருக்கையில எல்லாக் கையும் மேல போயிருமுங்க. அதுல பிரியத்துல தூக்குன கை எது, கூச்சத்துல தூக்குன கை எதுன்னு அண்ணனுக்கே தெரியாதுங்க."

நஞ்சப்பன் மெல்ல எழுந்தார்.

"ஏனப்பா, என்ற மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்குங்கண்ணா. அதனாலதான் கேக்கறனுங்க. வேற ஒருத்தரா இருந்தா கேக்கறதுக்கே பயந்திருப்பேன்."

அவ்வளவு பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே. "செரி, போட்டு முடிங்க. நான் சமையக்கட்டப் பாத்துட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அழைப்பிதழ்களைக் கிழித்துச் சீட்டாக்கினோம். மேடையில் பரிசுக்காக வைத்திருந்த ஒரு பம்பின் இரும்பு உறையைத் திருப்பி நிறுத்தி, தண்ணீர் வெளியே வருகிற வாய் வழியாகச் சீட்டுகளைப் போட்டோம். பேனா கைமாறிக்கொண்டே போயிற்று. எத்தனையோ கல்யாணத்தில் மொய் எழுதும்போது பக்கத்து ஆளின் தொகையை எட்டிப் பார்க்கிறவர்கள், அன்றைக்கு ஒருவரும் பக்கத்துச் சீட்டை எட்டிப் பார்க்கவில்லை. பம்பு செய்கிறவர்களின் கூட்டத்தில் அவ்வளவு அமைதியை நான் பார்த்ததில்லை. எங்கள் ஆட்களை நினைத்து நெஞ்சு நிறைந்தது. சதுக்கத்தில் நிற்கிற மார்த்தாவையும் நினைத்துக்கொண்டேன்.

ரங்கராஜும் இன்னொருவரும் பிரித்து அடுக்கினார்கள். வேண்டாம் என்ற பக்கம்தான் உயரமாக இருந்தது. திருத்தம் தோற்றது. யாரும் கைதட்டவில்லை, அது மரியாதை இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் ஊர். ஒவ்வொருவராகச் சமையல்கட்டு வாசலுக்குப் போனார்கள். "அண்ணா, நான் உங்களுக்குத்தானுங்க போட்டேன்." "எவன் மாத்திப் போட்டான்னே தெரியலீங்க." "என்ற சீட்டு உங்க பக்கந்தானுங்க." போனவர்கள் எல்லோரும் நிஜமாகவே அவருக்குப் போட்டிருந்தால் திருத்தம் அமோகமாக ஜெயித்திருக்கும். நஞ்சப்பன் ஒவ்வொருவர் தோளையும் தட்டி, இலையில் உட்காரச் சொன்னார்.

பந்தியில் எப்போதும் பாயசம் ஊற்றுவது அவர்தான். அன்றைக்கும் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெரிய கம்பெனிக்காரர்கள் யாரும் அப்படி வாளி தூக்க மாட்டார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். என் இலைக்கு முன்னால் வந்ததும் நின்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரங்கராஜ் அப்பளத்தை நொறுக்குவதை நிறுத்தினார்.

"தங்கவேலு, நீ எந்தப் பக்கம் போட்டே?" குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது, அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. உங்களுக்குத்தானுங்கண்ணா என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என் காஸ்டிங், மல்லிகாவின் பயம், தீப்பிடித்த நாள், எல்லாம் அதைப் பின்னாலிருந்து தள்ளின.

"அது சொல்றதுக்கில்லீங்கண்ணா," என்றேன்.

நாற்பது வருடத்தில் அவர் முகத்துக்கு நேரே நான் மறுத்த முதல் வார்த்தை அது. "ங்க" போட்டுத்தான் மறுத்தேன்.

அவர் குனிந்து என் இலையில் பாயசத்தை ஊற்றினார். ரங்கராஜ் இலையிலும் ஊற்றிவிட்டு, "நாளைக்கு வண்டி எடுத்துட்டு வா, காஸ்டிங் தாரேன்," என்று சொல்லி அடுத்த இலைக்கு நகர்ந்தார்.